சின்ன கேபிள் நிறுவனத்துக்கு அவசர எச்சரிக்கை விதியிலிருந்து எஃப்சிசி (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்) விலக்கு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அமெரிக்காவில் கேபிள் துறையில் இருக்கும் நண்பர்களிடம் ஓர் உதவி.

நான் இருப்பது கான்சாஸில் ஒரு சின்ன ஊர். மொத்தம் 240 இணைப்புகள். முதலாளி, வயர் இழுக்க ஒரு பையன், கணக்குக்கு நான். அவ்வளவுதான் நிறுவனம்.

எங்கள் ஹெட்எண்ட், அதாவது சேனல்களை வாங்கி ஊருக்கு அனுப்பும் இடம், கோதுமை வயல் நடுவே ஒரு தகரக் கொட்டகை. அங்கே பிராட்பேண்ட் கிடையாது. இஏஎஸ் (அவசர எச்சரிக்கை அமைப்பு) பெட்டி ரேடியோ நிலையத்தைக் கேட்டு எச்சரிக்கையை எடுத்துவிடும். சூறாவளி என்றால் திரையில் ஓடும். ஆனால் 2012 ஜூன் 30 முதல் இணையம் வழியாக வரும் கேப் (எச்சரிக்கைகளுக்கான பொது டிஜிட்டல் வடிவம்) செய்தியையும் அது வாங்கியாக வேண்டும். பிராட்பேண்ட் எட்டாத இடத்துக்கு எஃப்சிசி விலக்கு தரும். அதுவும் ஆறு மாதத்துக்குத்தான், அப்புறம் மறுபடி கேட்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் புதுப்பிக்கவே இல்லை, கோப்பைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

2002இல் சின்ன நிறுவனங்கள் பணக்கஷ்டம் சொல்லி இஏஎஸ் பெட்டி வைப்பதிலிருந்து விலக்கு கேட்டபோது, எஃப்சிசியில் இரண்டு வருட வரவு செலவுக் கணக்கையும் அந்தப் பகுதியில் எச்சரிக்கை தரும் மற்ற நிறுவனங்களின் எண்ணிக்கையையும் கேட்டார்கள். இப்போதும் அதே மாதிரி எழுதினால் போதுமா? சாட்டிலைட் இணையம் கிடைக்கிறதே என்று திருப்பி அனுப்புவார்களா? அதுதான் என் பெரிய பயம். விட்டுப்போன மாதங்களை நாமே சொல்லிவிடுவது நல்லதா, வக்கீலிடம் போக வேண்டுமா?

பழைய மனுவின் மாதிரி இருந்தால், பெயர்களை அழித்துவிட்டு அனுப்புங்கள், ப்ளீஸ்.