புதுப்பிப்பு: 23 சதவீத ஒப்புமை என்ன ஆனது?

முதுகலை ஆய்வேட்டில் ஒப்புமை (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் அளவு) 23 சதவீதம் வந்துவிட்டது என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, அது முடிந்துவிட்டது. நெறியாளரும் நானும் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறையை உட்கார்ந்து படித்தோம். 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் தரவேண்டும், அதிகபட்சம் 6 மாதத்துக்குள். துணைநூற்பட்டியல், நன்றியுரை, உரிய சான்றோடு தந்த மேற்கோள்கள் கணக்கில் சேராது. மென்பொருளில் இவற்றை விலக்காமலே ஓட்டியிருக்கிறார்கள்! விலக்கியதும் 12. சரி, மிச்சம் என் தப்புதான்: இரண்டாம் இயலில் சொற்களை மட்டும் மாற்றிப்போட்ட பத்திகள். திரும்ப எழுதினேன், 8க்கு வந்தது.

வாய்மொழித் தேர்வில் இதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முடிவுரையில் புதிதாக எதுவும் இல்லையே என்றுதான் புறத்தேர்வாளர் பிடித்துக்கொண்டார். மதிப்பெண் போனது அங்கேதான்.