ஒரே செல் நம்பரில் ஐந்து மனுவுக்கு மேல் வந்தால் மோசடியா?

கடைமடை:
நேற்று மகளிர் உரிமைத்தொகை பற்றிய இழையில் ‘மன்னை டேட்டா’ போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். அப்படியே ஒட்டுகிறேன்: "ஒரே செல் நம்பரில் ஐந்து மனுவுக்கு மேல் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மோசடி என்று குறிக்கலாம். இது என் தொழில். பட்டியலைப் பார்த்ததும் வாசனை தெரிந்துவிடும்."

வாசனை தெரியுமாம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். என் நம்பரைக் கொடுத்து மனுப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது. அப்படியானால் நான்தான் ஊரிலேயே பெரிய களவாணி. சரி, இருந்துவிட்டுப் போகிறேன். அந்த ஐந்து எங்கிருந்து வந்தது ஐயா? ஐந்து வரை யோக்கியன், ஆறு என்றால் திருடனா?

மன்னை டேட்டா:
எனக்காகத் தனி இழையே திறந்துவிட்டீர்களா? சந்தோஷம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் அரசு உதவித் திட்டங்களில் மோசடித் தடுப்பு அனலிஸ்ட் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் ஸ்னாப் என்கிற உணவு உதவி. மாதாமாதம் அட்டையில் பணம் ஏறும், கடையில் தேய்த்துச் சாப்பாட்டுச் சாமான் வாங்கலாம். சில கடைக்காரர்கள் சாமானே கொடுக்காமல் அட்டையைத் தேய்த்துக்கொண்டு பாதிப் பணத்தைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். மீதி கடைக்காரனுக்கு. இதைக் கடைவாசலில் நின்று பிடிக்க முடியாது, கணக்கில்தான் பிடிக்க வேண்டும். சின்னப் பெட்டிக்கடையில் பெரிய தொகை, சில்லறையே இல்லாத முழுத்தொகை, ஒரு நிமிட இடைவெளியில் அடுத்தடுத்த அட்டை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சேர்த்துப் பார்த்தால் மாட்டிக்கொள்வான். நிரூபணமானால் அந்தக் கடைக்கு நிரந்தரத் தடை. மனுவில் ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வருவதும் அந்த மாதிரி ஒரு தடயம்தான். உணர்ச்சிவசப்பட வேண்டாம்.

கடைமடை:
அமெரிக்கப் பெட்டிக்கடைக் கதை நன்றாக இருக்கிறது. ஐந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

வலங்கை வம்பு:
கடைமடை அண்ணே, விடாதீங்க. நான் முறுக்கோடு உட்கார்ந்துவிட்டேன்.

பாபநாசத்தாள்:
செல் நம்பர் விஷயத்தில் எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. உரிமைத்தொகைக்கு அம்மா முகாமில் மனுக் கொடுத்தபோது பக்கத்து வீட்டுப் பையன் நம்பரைக் கொடுத்தார். அவருக்கு என்று போன் கிடையாது. 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி திட்டம் தொடங்கி எல்லாருக்கும் ஆயிரம் வந்தது, அம்மாவுக்கு வரவில்லை. ‘இன்ன காரணத்தால் நிராகரிப்பு’ என்ற குறுஞ்செய்தி அந்தப் பையனுக்குப் போயிருக்கிறது. அவன் அதற்குள் சிங்கப்பூர் போய்விட்டான். கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள் கொடுத்தார்கள், எங்களுக்குத் தெரிந்தபோது அதுவும் முடிந்துவிட்டது. காரணம் என்ன தெரியுமா? வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் ஓடுகிற வீடு அது. கணினிக்கு மீட்டர்தான் தெரியும், அதற்குள் எத்தனை அடுப்பு எரிகிறது என்று தெரியாது.

மன்னை டேட்டா:
அக்கா, உங்கள் அம்மா விஷயம் வருத்தம்தான். ஆனால் அது மின்சார நிபந்தனை. நான் சொல்வது செல் நம்பர். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

பாபநாசத்தாள்:
செய்தி போனது யார் செல்லுக்கு என்று இன்னொரு தடவை படிங்க தம்பி.

பழைய தாலுகா:
நண்பர்களே, நான் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் தவறான பட்டுவாடா வேறு, மோசடி வேறு என்று பிரித்துக்கொண்டு பேசினால் நல்லது. மனுதாரர் விவரம் தெரியாமல் எழுதியது, எழுத்தர் தப்பாக ஏற்றியது, ஒருவர் இறந்த தகவல் தாமதமாக வந்தது எல்லாம் முதல் வகை. தெரிந்தே ஏமாற்றுவது மட்டும்தான் இரண்டாம் வகை. தம்பி சொல்லும் ஸ்னாப்பிலேயே 2024 நிதியாண்டுக்கு 10.93 சதவீதம் என்று ஒரு பிழை விகிதம் வெளியிட்டார்கள். அது மோசடி விகிதம் அல்ல. அதிகமாகக் கொடுத்தது, குறைவாகக் கொடுத்தது இரண்டையும் கூட்டியது. இங்கே எந்த அர்த்தத்தில் ‘மோசடி’ என்கிறோம்?

கடைமடை:
ஐயா, அதெல்லாம் இருக்கட்டும். ஐந்துக்கு முதலில் பதில் வரட்டும்.

மன்னை டேட்டா:
ஐந்து என்பது ஒரு வரம்பு. எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். சும்மா சொல்லவில்லை, உங்கள் ஊர்க் கணக்கையே பாருங்கள். ஆயுஷ்மான் பாரத் என்கிற மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு பற்றி சிஏஜி, அதாவது அரசுக் கணக்கைத் தணிக்கை செய்கிற அமைப்பு, 2023-ல் அறிக்கை கொடுத்தது. 9999999999 என்ற ஒரே நம்பரில் ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகள்! இதுவும் இ-சேவைக்காரர் கைராசியா?

கடைமடை:
வாங்க, இதைத்தான் எதிர்பார்த்தேன். பத்து ஒன்பது போட்டது யார்? பயனாளியா? பெட்டியைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. ஏற்றுகிற ஆள் விரலை ஒன்பதில் வைத்து அழுத்திவிட்டுப் போயிருப்பான். அறிக்கை வந்ததும் அரசாங்கமே என்ன சொன்னது? பயனாளியைச் சரிபார்ப்பதில் செல் நம்பருக்கு வேலையே இல்லை என்றது. ஏழரை லட்சம் பேரும் உங்கள் கணக்கில் மோசடிக்காரர்களா?

எங்கள் ஊரில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நடவு முடிந்து சேற்றுக் காலோடு ஒரு அம்மா வருவார். மஞ்சப்பையில் ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம். நம்பர் சொல்லுங்கம்மா என்றால் பைக்குள் துழாவி நாள்காட்டித் தாளை மடித்துக் கொடுப்பார், பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருக்கும். அது திருப்பூரில் இருக்கும் மகன் நம்பர். கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது. ஓடிபி வந்து பத்து நிமிடத்தில் செத்துப்போகும். பையன் பனியன் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்திருக்கிறான், எப்போது எடுப்பான்? சொந்த நம்பர் இருந்தாலும் ரீசார்ஜ் போடாமல் சில மாதம் கிடந்தால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். அப்புறம் அந்த அம்மாவின் செய்தியெல்லாம் முகம் தெரியாத எவனுக்கோ போகும். அதனால்தான் "உன் நம்பரையே போட்டுக்கோ தம்பி" என்கிறார்கள். நானும் போடுகிறேன். நோட்டில் பேர், மனு எண் எழுதி வைத்திருக்கிறேன். செய்தி வந்தால் ஆளை அனுப்பிச் சொல்கிறேன். இதில் ஆறாவது ஆள் எந்த இடத்தில் திருடன் ஆகிறார்?

மன்னை டேட்டா:
நீங்கள் நல்லவர், ஒத்துக்கொள்கிறேன். எல்லா மையக்காரரும் நோட்டு போடுகிறார்களா? 2020 மறந்துவிட்டதா? ஊரடங்கு நேரத்தில், விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் போடுகிற பிஎம் கிசானில் ஐந்தரை லட்சம் பேர் போல தகுதி இல்லாதவர்கள் நுழைந்தார்கள், போன பணம் 110 கோடி. நிலமே இல்லாதவர் எல்லாம் விவசாயி ஆனார். எங்கிருந்து ஏற்றினார்கள்? தனியார் கம்ப்யூட்டர் சென்டர்களில் இருந்து!

கடைமடை:
எந்தக் கடவுச்சொல்லை வைத்து ஏற்றினார்கள்? அதையும் சொல்லும். வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கென்று கொடுத்த கடவுச்சொல் வெளியே போனது, அதில் ஏற்றினார்கள். சிபிசிஐடி விசாரித்தது. ஒப்பந்தப் பணியாளர்கள் வேலை போனது. அதிகம் அடிபட்ட பெயர் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர். செல் நம்பரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதைப் பிடித்திருக்க முடியுமா? அலுவலகம் பூட்டியிருக்கும் நேரத்தில் அலுவலகப் பெயரில் மனு ஏறுகிறதே, அதைப் பார்க்க வேண்டும். நீர் அதை விட்டுவிட்டு ஆயாவின் செல் நம்பரைப் பிடித்துத் தொங்குகிறீர்.

மன்னை டேட்டா:
அதையும்தான் பார்ப்போம். ஒரே நம்பர், நள்ளிரவுப் பதிவு, ஒரே வங்கிக் கிளையில் வரிசையாகத் திறந்த கணக்கு, ஒரே கணினி. இத்தனையும் சேர்ந்து வந்தால்தான் குறி.

கடைமடை:
நேற்று "கண்ணை மூடிக்கொண்டு" என்றீர். இன்று நான்கு சேர்ந்தால் என்கிறீர்.

மன்னை டேட்டா:
நேற்று சுருக்கமாகச் சொன்னேன்.

வலங்கை வம்பு:
சுருக்கம்னா இப்படியா? தலையே காணாம போச்சே.

குத்தகைக்காரன்:
யார் திருடன் என்று இவ்வளவு பேசுகிறீர்களே, நான் ஒன்று கேட்கட்டுமா? தலைமுறையாகக் கோயில் நிலத்தில் குத்தகைக்கு உழுகிறோம். பிஎம் கிசானில் வருடத்துக்கு 6,000 எனக்கு வராது, ஏனென்றால் பட்டா என் பேரில் இல்லை. சேற்றில் கால் வைக்காமல் சென்னையில் இருப்பவர் பேரில் பட்டா இருந்தால் அவருக்கு வரும். இரண்டாயிரம் இரண்டாயிரமாக மூன்று தவணை. சட்டப்படி அவர் யோக்கியன். நான் மனுப் போட்டால் மோசடி. டெல்டாவில் பாதி வயலில் இறங்கி நிற்பவன் பேர் வேறு, சிட்டாவில் இருக்கும் பேர் வேறு. இதற்கு உங்கள் மென்பொருளில் வாசனை வருமா?

மன்னை டேட்டா:
அது கொள்கை முடிவு அண்ணே. அனலிஸ்ட் விதியை எழுதுவதில்லை, விதி மீறலைத்தான் பார்ப்பான்.

வலங்கை வம்பு:
மன்னை அண்ணன் வீட்டு நிலம் யார் பேரில் இருக்கு? தவணை வருதா? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறேன்.

மன்னை டேட்டா:
தனிப்பட்ட விஷயத்தை இழுத்தால் நான் வெளியேறிவிடுவேன். போன வருடம் பயிர்க் காப்பீட்டு இழையிலும் இப்படித்தான் செய்தீர்கள். மறக்கவில்லை.

கடைமடை:
பயிர்க் காப்பீட்டு இழையில் என்னைப் ‘படிக்காதவர்’ என்று எழுதியது யார்? அதையும் மறக்கவில்லை.

நாகை நண்டு:
அமெரிக்கா அமெரிக்கா என்கிறீர்களே, மிச்சிகன் கதையைச் சொல்லலாமா? வேலையின்மை நிதியில் மோசடி பிடிக்க மைடாஸ் என்று ஒரு மென்பொருள் வைத்தார்கள். 2013 முதல் 2015 வரை சுமார் 40,000 பேரைத் தப்பாக மோசடிக்காரர் ஆக்கியது. மனிதன் கையே படாமல் மென்பொருள் தானே முடிவு செய்த வழக்குகளை மாநிலமே திரும்ப எடுத்துப் பார்த்தது. 93 சதவீதம் தப்பு. அபராதம், சம்பளப் பிடித்தம் என்று குடும்பமே அல்லாடிய பிறகுதான் இதெல்லாம் வெளியே வந்தது.

மன்னை டேட்டா:
அது வேலையின்மை நிதி. நான் பார்ப்பது உணவு உதவி. துறையே வேறு.

நாகை நண்டு:
அமெரிக்கப் பெட்டிக்கடையும் வேதாரண்யம் ரேஷன் கடையும் மட்டும் ஒரே துறையா?

பட்டுக்கோட்டைத் தென்னை:
மோசடியே இல்லாத மாதிரி பேசாதீர்கள். 2018 கஜா புயலுக்கு விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று 1,100 கொடுத்தார்கள். தோப்பில் இருந்ததைவிடக் கணக்கில் விழுந்த மரம் அதிகம் என்ற பேச்சு எங்கள் பக்கம் கொஞ்சமா நஞ்சமா? மன்னை சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வலங்கை வம்பு:
ஆகா, தென்னைக்காரரே தென்னையைப் பற்றி வாக்குமூலம்!

பட்டுக்கோட்டைத் தென்னை:
நான் பேச்சு என்றுதான் எழுதினேன். எங்கள் தோப்பில் நின்றது நாலே மரம். வந்து பார்த்துவிட்டுப் பேசும். வலங்கைமானில் கூரை ஓடு பறந்ததோடு முடிந்தது உங்கள் புயல்.

குத்தகைக்காரன்:
நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நம்மைத் திருப்பி அனுப்பிவிட்டு, வியாபாரி லாரியில் கொண்டுவந்த நெல்லை, சாகுபடிக்குச் சான்றான அடங்கல் சீட்டோடு இறக்குகிறார்களே, அதற்கு யாராவது இழை திறங்கப்பா.

பட்டுக்கோட்டைத் தென்னை:
திறந்தால் மூட்டைக்கு எவ்வளவு என்பதில் தொடங்கி வெட்டுக்குத்தில் முடியும்.

பழைய தாலுகா:
முதியோர் உதவித்தொகை வாங்கும் பட்டியலில் இறந்தவர் பெயர் நீடிப்பது பற்றி நான் சொல்லலாம். பெரும்பாலும் குடும்பம் சொல்வதில்லை, சிலர் பயத்தில், சிலர் பணத்துக்காக. இரண்டையும் பிரிக்க ஆள் நேரில் போக வேண்டும். அதனால்தான் முதலில் வகை பிரிக்கச் சொன்னேன்...

கடைமடை:
சொல்லுங்க ஐயா, அப்புறம் வருகிறேன். மன்னை, கேள்வி அப்படியே நிற்கிறது. ஐந்து எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ஒரு வீட்டில் ஆளுக்கு ஒரு போன் இருக்கும். அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு முத்துப்பேட்டைக்கு வந்தால் ஊரில் பாதிப் பேர் குற்றவாளி. உங்கள் பட்டியலில் சிவப்புக் குறி விழுந்தால் இங்கே என்ன நடக்கும் தெரியுமா? பணம் நிற்கும். விசாரணை பிறகுதான், அதுவும் அந்த அம்மா நாலு தடவை தாலுகா ஆபீஸ் படி ஏறினால். ஏறி இறங்கும் பஸ் செலவையும் விட்ட கூலியையும் எந்தத் தலைப்பில் எழுதுவீர்? நடவு நட்டுக் கைரேகை அழிந்தவரிடம் விரலை வை என்பது, விழவில்லை என்றால் கண்ணைக் காட்டு என்பது, அதுவும் ஆகவில்லை என்றால் நாளைக்கு வா என்பது. இதெல்லாம் போதாது என்று நம்பரை எண்ண ஒருத்தர்.

மன்னை டேட்டா:
உணர்ச்சியால் கஜானாவைக் காக்க முடியாது. ஒருவன் போலியாக வாங்கினால் தகுதியான இன்னொருவருக்குப் போக வேண்டியதுதான் போகிறது. அதைத் தடுக்கிற வேலையைக் கேவலமாகப் பேசுகிறீர்கள். மன்னார்குடி மதிலழகு என்பார்கள். மதில் கட்டினால்தான் உள்ளே இருப்பது பத்திரம்.

நாகை நண்டு:
வேதாரண்யம் விளக்கழகு என்றும் அதே வாயால்தான் சொன்னார்கள். மதிலை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி?

வலங்கை வம்பு:
திருவாரூர் தேரை விட்டுட்டீங்களே. எங்க மாவட்டத் தலைநகரத்துக்கு மரியாதை இல்லையா?

மன்னை டேட்டா:
இதனால்தான் இங்கே வருவதையே குறைத்தேன்.

பாபநாசத்தாள்:
வாரம் தவறாமல்தான் வருகிறீர்கள் தம்பி.

கடைமடை:
கடை திறக்கும் நேரம், வாசலில் ஆள் நிற்கிறது. மத்தியானம் வருவேன். ஐந்தா, நான்கு சேர்ந்ததா, எது உங்கள் விதி என்று அதற்குள் எழுதி வையும். பழைய பதிவைத் திருத்த வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

மன்னை டேட்டா:
திருத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. எனக்கு இங்கே ராத்திரி. காலையில் விரிவாக எழுதுகிறேன். ஐந்து சரியான வரம்புதான்.

பட்டுக்கோட்டைத் தென்னை:
வலங்கை வம்பு, ‘வாக்குமூலம்’ என்றதைத் திரும்பப் பெறும் வரை நான் விடப்போவதில்லை.