குடியை விட உதவும் கூட்டம்: உள்ளே போனால் என்ன நடக்கும்?

இரவுக்கணக்கு:
நான் கணக்காளர். பகலெல்லாம் ஓர் எண் பிசகாமல் பார்ப்பவள், இரவில் எத்தனை கோப்பை என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொள்வதில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு, துணி துவைக்கும் இயந்திரம் சுற்றும் சத்தத்தில்தான் பாட்டிலைத் திறப்பேன். வேலையில் ஒரு குறையும் வராததால் கணவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மருந்தோடு ஏதாவது ஒரு சுய உதவிக் கூட்டத்துக்கும் போகச் சொன்னார் மருத்துவர். எது, எப்படி என்று சொல்லவில்லை.

குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏ.ஏ.) இயக்கத்தின் கூட்டப் பட்டியலில் சிலவற்றைத் 'திறந்த கூட்டம்' என்றும் சிலவற்றை 'மூடிய கூட்டம்' என்றும் போட்டிருக்கிறார்கள். மூடியது என்றால் உறுப்பினராக வேண்டுமா? எழுந்து நின்று 'நான் குடிநோயாளி' என்று சொல்லியே ஆக வேண்டுமா? எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அறை முழுக்க ஆண்களாக இருந்தால்? கணவர் கூடவே வருகிறேன் என்கிறார். அது துணையா காவலா என்று புரியவில்லை.

குடியின் கேடுகள் எனக்கு மனப்பாடம், அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசி வரிசை:
சகோதரி, பல வருடங்களாக ஏ.ஏ. கூட்டங்களில் நாற்காலி போட்டு, முடிந்ததும் அடுக்கிவைக்கும் ஆள் நான். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். அந்த விருப்பம்தான் ஒரே தகுதி. பதிவு, கட்டணம், அடையாள அட்டை எதுவும் இல்லை. திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம், உங்கள் கணவரும். ஆனால் முதல்முறை தனியாகப் போங்கள் என்பேன். வீட்டு ஆள் பக்கத்தில் இருந்தால் பாதி உண்மை தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. யாராவது ஒருவர் வாசிப்பார், பிறகு ஒவ்வொருவராகப் பகிர்ந்துகொள்வார்கள். உங்கள் முறை வந்தால் 'இன்று கேட்க மட்டும் வந்தேன்' என்றால் போதும். ஒருவர் பேசும்போது பொதுவாக யாரும் குறுக்கிடுவதோ புத்தி சொல்வதோ இல்லை. (வாசலில் பிடித்துக்கொண்டு சொல்வார்கள், அது வேறு கதை.) காசுப் பை சுற்றி வரும். உறுப்பினர்கள் போடுவதில்தான் குழு நடக்கிறது, வெளியாரிடம் வாங்குவதில்லை. புதியவர் தாராளமாக அடுத்தவரிடம் தள்ளிவிடலாம்.

கடவுள் விஷயத்தை மறைக்க மாட்டேன். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் அந்தச் சொல் வருகிறது, 'நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில்' என்ற அடைமொழியோடு. பிரார்த்தனை நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நிற்பவன். இதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

இந்த இயக்கம் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. குடியை நிறுத்தியிருந்த பங்குச்சந்தைக்காரர் ஒருவர், மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில், பேச இன்னொரு குடிகாரரைத் தேடினார். கிடைத்தவர் ஓர் அறுவை மருத்துவர். கால் மணி நேரத்துக்கு மேல் முடியாது என்றுதான் வந்தார். பேச்சு பல மணி நேரம் நீண்டது. மருத்துவரைத் திருத்த அல்ல, தான் தப்பிக்கவே அவர் பேசினார். உங்கள் பக்கத்து நாற்காலிக்காரரும் அதற்காகத்தான் வந்திருப்பார், உங்களை எடைபோட அவருக்கு நேரமில்லை.

முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் வேறொன்றைப் பாருங்கள். குழுவுக்குக் குழு குணம் மாறும். எங்கள் குழுவிலேயே ஒருவர் பேசத் தொடங்கினால் எனக்குக் கொட்டாவி வரும்.

வார்டு விளக்கு:
செவிலியர் நான். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதன்பின் சித்தம் கலங்கும் நிலை வரை போகலாம். எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள், கூட்டத்தில் அல்ல. அங்கே யாராவது 'மாத்திரை எதற்கு?' என்றால் காதில் வாங்காதீர்கள். உறுப்பினர்கள் மருத்துவர் வேடம் போடக் கூடாது என்று ஏ.ஏ.யின் சொந்த வெளியீடே சொல்கிறது.

நீலக்கதவு:
தோழி, பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் உண்டு. பட்டியலில் தனியாகக் குறித்திருப்பார்கள். இணையவழியிலும் நடக்கின்றன. நான் முதலில் கேமராவை அணைத்துவிட்டுத்தான் கேட்டேன்.

பெரியவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். புதிதாக வரும் பெண்ணிடம் அளவுக்கு மீறி அக்கறை காட்டும் ஆண்கள் உண்டு. பழைய உறுப்பினர்களே அதைப் 'பதின்மூன்றாம் படி' என்று கசப்போடு கேலி செய்வார்கள். ஸ்பான்சராக, அதாவது உங்களுக்கு வழிகாட்டும் பழைய உறுப்பினராக, பெண் ஒருவரையே கேளுங்கள். தொலைபேசி எண்ணையும் பெண்களிடம் மட்டும் கொடுங்கள்.

கடவுள் பேச்சே வேண்டாம் என்றால் 'ஸ்மார்ட் ரெக்கவரி' இருக்கிறது, 1994இல் தொடங்கியது. படிகள் இல்லை, ஸ்பான்சர் இல்லை. குடிக்கத் தூண்டும் எண்ணத்தைப் பிடித்து அலசும் பயிற்சிதான். நடத்துபவர் பயிற்சி பெற்றவர், பேச்சு இருபக்கமும் ஓடும். கணக்குப் பார்க்கும் மனசுக்கு அது ஒத்துப்போகும் என்று தோன்றுகிறது. நான் இரண்டுக்கும் போகிறேன், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வெளித்திண்ணை:
என் மனைவி குடியை விட்டவர். உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: குடும்பத்தினருக்கென்றே 1951 முதல் அல்-அனான் இருக்கிறது. பாட்டிலை முகர்ந்து பார்ப்பதை நான் நிறுத்தியது அங்கே போன பிறகுதான்.

இரவுக்கணக்கு:
எல்லோருக்கும் நன்றி. புதன்கிழமை பெண்கள் கூட்டம், இணையவழி, மூடியது. மருத்துவரிடம் நாளை பேசுகிறேன். கணவர் முகர்ந்து பார்ப்பது பற்றி இப்போதுதான் யோசிக்கிறேன்! ஒரே ஒரு கேள்வி: வேறு பெயர் கொடுக்கலாமா?

கடைசி வரிசை:
தாராளமாக. எங்கள் குழுவில் ஒருவரை வருடக்கணக்கில் ஒரு பெயர் சொல்லி அழைத்தோம். மகள் கல்யாணப் பத்திரிகை கொடுத்தபோதுதான் அது அவர் பெயரே இல்லை என்று தெரிந்தது. இப்போதும் பழைய பெயரில்தான் கூப்பிடுகிறோம்.