நீல் தீவில் ஒரு நாள்: ஏத்தம் வத்தம் பார்த்துக் கிளம்புங்க

குழு: பாரதி நகர் 3வது தெரு

ரேவதி: எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி கடைசி வாரம் தோழிங்க ஆறு பேர் அந்தமான் போறோம். ஹேவ்லாக் தீவு பிளான் முடிஞ்சிருச்சு. நீல் தீவுல ஒரு முழு நாள் இருக்கு. அலையாம நிம்மதியா இருக்கணும்னு ஆசை. ஏஜென்ட் கொடுத்தது இது: காலை 9 பரத்பூர் கடற்கரை, 11 இயற்கைப் பாலம் (கடலோரப் பாறை வளைவு), 2 சீதாபூர் கடற்கரை, 5:30 லக்ஷ்மண்பூர் கடற்கரையில சூரிய அஸ்தமனம். சரியா வருமா?

முருகேசன் அண்ணன்: கடைசியில இருந்து சொல்றேன்மா. 5:30க்கு நீங்க லக்ஷ்மண்பூர் போனா சூரியன் இருக்காது. ஜனவரி கடைசியில அங்க 5:20 வாக்குல மறைஞ்சிரும். நம்ம கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு வெச்சது, நீல் இருக்கிறது 93 டிகிரி பக்கம். ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம்னு பார்த்தா 40 நிமிஷம் முந்திரும். 4:30க்கே மணல்ல உக்காந்திருக்கணும். விடியறதும் அப்படித்தான், 5:45க்கு சூரியன் வந்துரும். அங்க நாளையே காலை 5க்குத் தொடங்கி சாயங்காலம் 6க்கு முடிக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க.

ரேவதி: இது யாருமே சொல்லலண்ணே. மத்த நேரமெல்லாம்?

முருகேசன் அண்ணன்: மத்ததை முடிவு பண்ண வேண்டியது கடல். இயற்கைப் பாலம் தண்ணி வத்தினாத்தான் போக முடியும். பரத்பூர் நேர் எதிர், தண்ணி இருந்தாத்தான் அழகு. நல்லா வத்திட்டா பாறையும் பவளமும் மேல தெரியும், அடியில கண்ணாடி வெச்ச படகு ஓடாது, குளிக்கவும் ஆழம் இருக்காது. அதனால 9, 11னு எல்லா நாளுக்கும் ஒரே நேரம் எழுதி வெக்கிறது அந்த ஊருக்கு ஒத்து வராது.

டேனியல்: அண்ணன் சொன்னதுதான் முக்கியம். ரேவதி, ஒரு நாளைக்குக் கடல் ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வத்தும், அதைத்தான் ஏத்தம், வத்தம்னு சொல்றது. ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல ஆறே கால் மணி நேரம் போல. ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். இன்னைக்கு காலை 8க்கு வத்தம்னா நாளைக்கு 8:50. ஐதராபாத்ல இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸோட இணையதளத்துல போர்ட் பிளேருக்கான ஏத்தம் வத்தம் நேரம் கிடைக்கும், நீலுக்கும் அதுவே போதும்.

டேனியல்: பௌர்ணமி, அமாவாசை ஒட்டின ரெண்டு மூணு நாள்ல நீர்மட்டம் ஏறக்குறைய 2 மீட்டர் ஏறி இறங்கும். அஷ்டமி பக்கம் 1 மீட்டருக்கும் குறைவு. அஷ்டமியில போனா பாலத்துக்கிட்ட தண்ணி முழுசா வத்தாது, பாறைக் குட்டைகள்ல தங்கற நண்டு, மீன் மாதிரி உயிர்களைப் பார்க்கறதும் குறையும். காலண்டர்ல திதி பார்த்துட்டு அதுக்கேத்த மாதிரி எதிர்பாருங்க.

ரேவதி: அப்போ நாளை எப்படி பிரிக்கறது?

முருகேசன் அண்ணன்: ரெண்டே வகைதான்.

வத்தம் காலையிலன்னா: உச்ச வத்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பாலத்துல இறங்குங்க. தண்ணி திரும்பி ஏறத் தொடங்கினதும் வெளிய வந்துரணும். மத்தியானம் சாப்பாடு, தூக்கம். 2 மணிக்கு மேல பரத்பூர். 4க்குக் கிளம்பி லக்ஷ்மண்பூர்.

வத்தம் மத்தியானத்துக்கு மேலன்னா: காலை பரத்பூர், அப்புறம் ஓய்வு, 3 மணிக்குப் பாலம், அங்கிருந்து பக்கத்துலயே லக்ஷ்மண்பூர் அஸ்தமனம்.

சீதாபூரை மத்தியானம் வெச்சதை எடுத்துருங்க. அது கிழக்குப் பார்த்த கரை, விடியக்காலைக்குத்தான். அலையும் வேகமா அடிக்கும், குளிக்க அது வேண்டாம். கப்பல் நிக்கிற துறையிலிருந்து (ஜெட்டி) 5 கி.மீ. போல. எழுந்திரிக்க மனசிருந்தா 5 மணிக்குக் கிளம்புங்க, இல்லன்னா விட்டுருங்க. நிம்மதிதான் வேணும்னா ஒரு நாளைக்கு ரெண்டு கடற்கரை போதும்.

மாலதி டீச்சர்: பாலத்துக்குப் போற வழி எப்படி இருக்கும்? ரேவதி தோழி ஒருத்தருக்கு முட்டி வலி இருக்கே.

முருகேசன் அண்ணன்: வண்டி நிறுத்துற இடத்துலருந்து ஒரு சின்னப் பாதை இறங்கும். அப்புறம் முழுக்க செத்த பவளப் பாறைதான் டீச்சர். மேடு பள்ளம், பல்லு பல்லா கூரா இருக்கும், ஈரத்துல பாசி வழுக்கும். ரப்பர் செருப்பு போட்டா கால் செருப்பை விட்டு நழுவி பாறையில உரசும். பின்னாடி வார் இருக்கிற, அடியில பிடிப்புள்ள செருப்பு வேணும். முட்டி வலி உள்ளவங்க மேல மர நிழல்ல உக்காந்துக்கலாம். உள்ளூர்ல வழிகாட்டிங்க இருப்பாங்க, ஒருத்தரைக் கூட்டிக்கோங்க. எந்தக் குட்டையில என்ன இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

டேனியல்: குட்டைகள்ல நின்னு பாருங்க, அவசரப்படாதீங்க. முதல்ல ஒண்ணும் தெரியாது. நிழல் விழாம குனிஞ்சு ஒரு நிமிஷம் அசையாம இருந்தா நண்டு வெளிய வரும், சின்ன மீன் அசையும். கறுப்பா பெரிய வெள்ளரிக்காய் மாதிரி கிடக்கிறது கடல் அட்டை. பாறையில பதிஞ்சு நீலமோ பச்சையோ உதடு விரிச்சிருக்கிறது ராட்சதச் சிப்பி, நிழல் பட்டதும் மூடிக்கும். எதையும் கையில எடுக்கக் கூடாது. போட்டோவுக்காக நட்சத்திர மீனைத் தண்ணிக்கு வெளிய தூக்குறதை தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க, அதால காத்துல மூச்சு விட முடியாது.

முருகேசன் அண்ணன்: பவளத் துண்டு, சங்கு, சிப்பி எதையும் பையில போட வேண்டாம். கரையில ஒதுங்கினதுன்னு சொன்னாலும் செல்லாது. பவளமும் கடல் அட்டையும் 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை, அதாவது உச்சப் பாதுகாப்பு. ஏர்போர்ட்ல ஸ்கேன்ல பிடிப்பாங்க.

ரேவதி: பரத்பூர்ல ஸ்நார்க்கலிங், அதான் மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டிக் குப்புற மிதந்து கடலடி பார்க்கறது, பண்ணலாமா? ஆறு பேர்ல ரெண்டு பேருக்குத்தான் நீச்சல் தெரியும்.

டேனியல்: பண்ணலாம். லைஃப் ஜாக்கெட் போட்டு, ஒரு கைடுக்கு ரெண்டு பேருக்கு மேல வேண்டாம்னு முன்னாடியே பேசிடுங்க. மாஸ்க்தான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். வாரை மாட்டாம முகத்துல வெச்சு மூக்கால லேசா மூச்சு இழுங்க. கையை எடுத்தும் ஒட்டிக்கிட்டு நின்னா அது உங்க அளவு. விழுந்தா வேற கேளுங்க. தண்ணி உள்ள வர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர் விளிம்புக்கு அடியில மாட்டின முடி. நெத்தி முடியை முழுசா பின்னாடி தள்ளிட்டு மாட்டுங்க. ஒழுகுதுன்னு வாரை இறுக்கினா விளிம்பு கோணி இன்னும் ஒழுகும். வார் காதுக்கு மேல, பின்மண்டையில நிக்கணும்.

டேனியல்: கண்ணாடி புகை படியாம இருக்க குழந்தை ஷாம்பூ ஒரு சொட்டு உள்பக்கம் தடவி கடல் தண்ணியில ஒரு தடவை அலசுங்க. குழாய்ல தண்ணி வந்தா பதறாம "தூ"ன்னு ஒரே வேகத்துல ஊதித் தள்ளணும். முட்டியளவு தண்ணியிலேயே பத்து நிமிஷம் பழகிட்டு உள்ள போங்க. பயம் வந்தா எல்லாரும் உடனே காலை ஊனப் பார்ப்பாங்க, அடியில பவளம் இருக்கும். மிதிச்சா அது உடையும், உங்க காலும் கிழியும். மல்லாக்கப் படுத்துட்டா ஜாக்கெட் தாங்கிக்கும்.

சாந்தி அக்கா: நர்ஸா நானும் கொஞ்சம் சொல்றேன். பவளம் கீறினா சின்னக் காயம்னு விடாதீங்க, உள்ள துணுக்கு தங்கி சீழ் வைக்கும். நல்ல தண்ணியும் சோப்பும் போட்டுக் கழுவி, துணுக்கு இருந்தா எடுத்துட்டு மருந்து போடுங்க. முள்ளோ விஷ மீனோ குத்தினா, தாங்கற சூட்டு வெந்நீர்ல, சுமார் 45 டிகிரி, அரை மணியிலருந்து ஒன்றரை மணி நேரம் காலை வெச்சிருக்கணும். வலி இறங்கும். உடனே ஆஸ்பத்திரிக்கும் போயிருங்க.

சாந்தி அக்கா: தண்ணியில குப்புற மிதக்கும்போது வெயில் படறது முதுகும் தொடைப் பின்பக்கமும். குளிர்ச்சியில எரிச்சல் தெரியாது, ராத்திரிதான் தெரியும். முழுக்கை டிஷர்ட், முழுக்கால் லெக்கிங்ஸ் போட்டுட்டு இறங்குங்க. வெளியில தெரியற இடத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்டை முழுசா 1 லிட்டர் தண்ணியில கலக்கணும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கொட்டிக் குடிக்கிறது தப்பு, உப்பு கூடிரும்.

மாலதி டீச்சர்: கப்பல்ல குமட்டலுக்கு அவோமின் சரியா சாந்தி?

சாந்தி அக்கா: டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்கிக்கோங்க டீச்சர். ஏறின பிறகு போட்டா பலனில்ல, ஒரு மணி நேரமாவது முன்னாடி போடணும். தூக்கம் வரும், அன்னைக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது.

ரேவதி: சாப்பாடு எப்படிண்ணே?

முருகேசன் அண்ணன்: நீல் காய்கறி விளையற தீவு, போர்ட் பிளேருக்கே அங்கிருந்துதான் காய் வரும். குடியேறினவங்க பெரும்பாலும் வங்காளிங்க. அதனால கடுகு அரைச்ச மீன் குழம்பு, சோறு, பருப்பு நல்லா இருக்கும். சின்ன ஓட்டல்ல ஆர்டர் சொன்ன பிறகுதான் அடுப்பு பத்த வைப்பாங்க, ஆறு பேருன்னா ஒரு மணி நேரம் ஆகும். காலையில கடலுக்குப் போகும்போதே மத்தியானத்துக்குச் சொல்லிட்டுப் போங்க. நண்டு, சிங்கி இறால்னா எடை போட்டு விலை கேட்டுட்டு அப்புறம் சமைக்கச் சொல்லுங்க.

டேனியல்: மத்தியானம் படுக்கறப்போ தென்னை மரத்தடியில விரிக்க வேண்டாம், காயும் மட்டையும் விழும். கடலோரக் காட்டு மரங்களோட நிழல் நல்லது. ஈர மணல்ல மணல் ஈ இருக்கும், காலையும் சாயங்காலமும் அதிகம். கெட்டியான விரிப்பு போட்டு, காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கோங்க. கடிச்சா சொறியாதீங்க, புண்ணாகி நாள் கணக்குல நிக்கும்.

முருகேசன் அண்ணன்: கழிமுகம், அலையாத்திக் காடு பக்கம் தண்ணியில இறங்கவே கூடாது, உப்புநீர் முதலை உண்டு. வனத்துறை போர்டு வெச்ச இடத்துல போர்டு சொல்றபடி நடங்க. இருட்டின பிறகு எங்கயும் குளியல் வேண்டாம்.

ரேவதி: பணம், நெட்வொர்க்?

முருகேசன் அண்ணன்: ரொக்கம் கையில இருக்கட்டும். 2020ல சென்னையிலருந்து இன்டர்நெட்டுக்குக் கடலடி கேபிள் போட்டாங்க, ஹேவ்லாக்குக்குப் போச்சு, அது போன தீவுங்க பட்டியல்ல நீல் இல்ல. போன்ல பணம் அனுப்பறது சில நேரம் சுத்திக்கிட்டே இருக்கும். ஏத்தம் வத்தம் நேரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டுப் போங்க. ஸ்கூட்டர் எடுத்தா பெட்ரோல் அளவும் பிரேக்கும் பார்த்துட்டு, பழைய கீறல்களை போட்டோ எடுத்துக்கோங்க. அஸ்தமனம் முடிஞ்சு திரும்பறப்போ ரோடு இருட்டு, மாடு படுத்திருக்கும், மெதுவா வாங்க.

ரேவதி: மறுநாள் காலைக் கப்பல்ல போர்ட் பிளேர் வந்து சாயங்காலமே ஃபிளைட் பிடிக்கலாமா?

முருகேசன் அண்ணன்: வேண்டாம்மா. காத்து பலமா இருந்தா கப்பலை ரத்து பண்ணிருவாங்க. ஒரு ராத்திரி போர்ட் பிளேர்ல தங்கிட்டு மறுநாள் ஏறுங்க. டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே ஏஜென்ட்கிட்ட மாத்தச் சொல்லிருங்க. கப்பலுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஜெட்டி, ஆறு பேரும் ஒரிஜினல் அடையாள அட்டையோட.

ரேவதி: இப்பவே அவருக்குப் போன் போடறேன். தேதி முடிவானதும் திதியோட இங்க போடறேன், நேரம் பிரிச்சுக் கொடுங்கண்ணே.