கேடிஎச் வான் ஐடிலில் டொக் டொக் என்று தட்டுகிறது: நாலு இன்ஜெக்டரையும் மாற்றத்தான் வேண்டுமா?

வல்லைவெளி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2005ஆம் ஆண்டு டொயோட்டா ஹயேஸ் கேடிஎச் 200 வான் இருக்கிறது. 2கேடி எஞ்சின், 5 கியர் மனுவல். மீற்றர் 318,000 காட்டுகிறது. இங்கே வந்து இறங்குவதற்கு முன் எவ்வளவு பின்னுக்குச் சுற்றினார்களோ, அது சுற்றியவருக்குத்தான் வெளிச்சம். மாதத்தில் ஏழெட்டுத் தடவை யாழ்ப்பாணத்தில் இருந்து கட்டுநாயக்க விமான நிலைய ஓட்டம், இடையில் கலியாண வீடு, கோயில் என்று உள்ளூர் ஹயர்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பத்துச் செக்கனுக்குச் சாம்பல் நிறப் புகை வருகிறது. எஞ்சின் சூடானதும் ஐடிலில், அதாவது கால் வைக்காமல் சும்மா ஓடும்போது, டொக் டொக் என்று ஒரு தட்டு. 1,500 ஆர்பிஎம்முக்கு மேல் கொண்டுபோனால் சத்தம் மறைந்துவிடுகிறது. இழுவை குறையவில்லை. டீசல் மட்டும் கொஞ்சம் கூடக் குடிக்கிறது.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு கராஜில் டீசல் பீச்சும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றிக் கழுவிப் போட்டார்கள். இப்போது அதே கராஜில், நாலும் முடிந்துவிட்டது, புதிசு போட வேண்டும் என்கிறார்கள். விலையைக் கேட்டதும் எனக்கு மனுசியின் சங்கிலிதான் கண்ணுக்குள் வந்தது. மாற்றத்தான் வேண்டுமா?

சொல்ல மறந்துவிட்டேன். போன கிழமை முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தபோது, சிவப்பு ஒயில் லைட் அணைய வழமையை விட இரண்டு மூன்று செக்கன் கூட எடுத்தது. பிறகு சரியாகிவிட்டது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

கொடிகாமம் ஹயர்:

நாலையும் மாற்றிவிட்டு நிம்மதியாக ஓடுங்கள் அண்ணை. 2கேடி தட்டினால் இன்ஜெக்டர்தான். நான் மாற்றி இரண்டு வருசம், ஊசி விழுந்த சத்தம் கூட இல்லை.

பழைய ஸ்பனர்:

தம்பி வல்லைவெளி, நீங்கள் கடைசியாகச் சொன்னதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். அந்த வானை இனி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். நாளைக்கு ஹயர் இருந்தால் வேறு ஆளுக்குக் கொடுங்கள்.

நான் 1980களில் பழைய ஹயேஸான ஷெல் வானில் தொடங்கி, பிறகு 3எல் எஞ்சின் போட்ட டொல்பின் வான் ஓட்டி, அதற்குப் பிறகு கேடிஎச்சுக்கு வந்தவன். 3எல் என்றால் 2,779 சிசி, டர்போ இல்லை, கொம்பியூட்டர் இல்லை. மண்ணெண்ணெய் கலந்த டீசலைக் கொடுத்தாலும் இருமிக்கொண்டே வீடு கொண்டுவந்து சேர்க்கும். 2கேடி அப்படி இல்லை. 2,494 சிசிதான், ஆனால் டர்போவும் கொமன் ரெயிலும் (நாலு இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் மிக உயர்ந்த பிரஷரில் டீசல் கொடுக்கும் முறை) சேர்ந்து 109 குதிரை, 260 நியூட்டன் மீற்றர் இழுவை. 3எல்லை விடச் சிறிய எஞ்சின், மாங்குளம் தாண்டினால் அதை விட்டுவிட்டுப் போய்விடும். நல்ல எஞ்சின் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அதற்குள் ஒரு சின்னச் சாமான் இருக்கிறது, ஐந்து ரூபாய்க் குத்தியை விடச் சின்னது. அதுதான் இந்த எஞ்சின்களைக் கொல்கிறது. இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செப்பு வோஷர்.

அது செய்யும் வேலை, சிலிண்டருக்குள் எரியும் காஸ் இன்ஜெக்டரைச் சுற்றி மேலே ஏறாமல் அடைத்து நிற்பது. பல எஞ்சின்களில் இன்ஜெக்டர் வெளியே தெரியும். வோஷர் கசிந்தால் சுற்றிவரத் தார் மாதிரிப் பிடிக்கும், சீ சீ என்று சத்தம் கேட்கும், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கேடி எஞ்சினில் இன்ஜெக்டரின் உடம்பு எஞ்சினின் மேல் மூடியான ரொக்கர் கவருக்குக் கீழே இருக்கிறது. கசியும் காஸ் வெளியே வராது, நேரே ஒயிலுக்குள் போகும். ஒயில் கரியாகும், கரி கட்டியாகும், கட்டி ஒயில் பானுக்குள் இறங்கி உறிஞ்சு குழாயின் வடியில் போய் ஒட்டும். வடி அடைத்தால் பம்ப் எதை இழுக்கும்? உங்கள் லைட் மூன்று செக்கன் கூட எரிந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த லைட் பிரஷர் மிக மிகக் குறைந்த பிறகுதான் எரியும். அது முன்னெச்சரிக்கை இல்லை தம்பி, மரண அறிவித்தல்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், 2013இல் மதவாச்சிக்கு இந்தப் பக்கம் என் வான் நின்றது. அதற்கு முன் ஒரு கராஜில் இன்ஜெக்டர் கழற்றிப் போட்டவர்கள், நாலு வோஷருக்குக் காசு செலவழிக்க மனமில்லாமல் பழையதையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாளாக லைட் மின்னியது. சென்சர் பழுது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ஓடினேன். பின்னால் லண்டனில் இருந்து வந்த குடும்பம், எட்டுப் பெட்டி. கிரான்க் பேரிங் உருகிப் பிடித்தபோது ஒரு சத்தம் வந்தது பாருங்கள், இரும்புக் கட்டிலைச் சீமெந்துத் தரையில் இழுத்தது போல. ரீகண்டிஷன் எஞ்சின் போட்டுத்தான் திரும்ப ஓட்டினேன்.

எனவே ஒழுங்கு இதுதான். முதலில் கீழ் ஒயில் பானைக் கழற்றி வடியைப் பாருங்கள். இந்த வானில் கீழ்ப் பான் தனித் தகடு, அரை நாள் வேலை. இன்ஜெக்டர் கதையை அதற்குப் பிறகு கதைக்கலாம். பானைத் திரும்பப் பூட்டும்போது சிலிக்கோனை வெண்ணெய் மாதிரி அப்ப விடாதீர்கள். உள்ளே பிதுங்கும் துண்டும் கழன்று போய் அதே வடியில்தான் ஒட்டும்.

இன்னொன்று. 3எல் காலத்துப் பழக்கத்தில், எந்தச் சிலிண்டர் தட்டுகிறது என்று பார்க்க எஞ்சின் ஓட ஓட இன்ஜெக்டர் பைப் நட்டை இளக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கொமன் ரெயிலில் அதைச் செய்யக் கூடாது. பைப்புக்குள் இருக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலையே எடுக்க வேண்டி வரும்.

வவுனியா ஸ்கேனர்:

ஸ்பனர் அண்ணை சொன்ன ஒழுங்குதான் சரி. வடி துப்புரவாகி ஒயில் பிரஷர் நம்பிக்கையாக இருந்தால், அடுத்ததாக ஸ்கேனரில் இன்ஜெக்ஷன் ஃபீட்பாக் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஏசி நிறுத்தி, ஐடிலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு எண் வரும். கூட்டல் 3க்கும் கழித்தல் 3க்கும் இடையில் நின்றால் பிரச்சினை இல்லை. ஐடில் சமமாக ஓடுவதற்காகக் கொம்பியூட்டர் எந்தச் சிலிண்டருக்கு டீசலைக் கூட்டுகிறது, எதற்குக் குறைக்கிறது என்பதுதான் அந்த எண். நாலில் ஒன்று மட்டும் விலகி நின்றால் நாலையும் மாற்றச் சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். எண் கூட்டலில் ஏறி நின்றால் இன்ஜெக்டர் மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. கொம்பிரஷன் குறைந்த சிலிண்டருக்கும் அப்படித்தான் வரும்.

ஐடில் ஏறி இறங்கி ஊஞ்சல் ஆடி, ஸ்கேனரில் பி1229 என்று பழுதுக் கோட் வந்தால் அது வேறு கதை. டீசல் பம்பில் அளவைக் கட்டுப்படுத்தும் சக்‌ஷன் கொன்ட்ரோல் வால்வைப் பாருங்கள். உங்களுக்கு அந்தக் குறி இல்லை.

3 லீற்றர் 1கேடி வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால் உங்களுக்கும் ஒரு சொல். அந்த எஞ்சினில் இன்ஜெக்டர் ஒழுகுவதை மாதக் கணக்கில் விட்டால் பிஸ்டன் தலையில் வெடிப்பு வரும். தட்டுச் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டு திரிய வேண்டாம்.

மட்டுநகர்:

டீசல் வடியையும் பாருங்கள். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் கானில் சேர்த்து வைத்த டீசலை அடித்தவர்கள் பலர், நானும் ஒருவன். கானின் அடியில் இருந்த தண்ணியும் துருவும் டாங்கிக்குள் போய், இன்று வரை வடியில் மஞ்சளாக வருகிறது. மண்ணெண்ணெய் கலந்தால் இன்னும் மோசம். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலே எண்ணெய்ப் பசை, அது போனால் இரும்பும் இரும்பும் உரசும்.

வல்லைவெளி:

நன்றி அண்ணைமார். வானை அன்றே நிறுத்திவிட்டேன். வேறு ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிட்டு நேற்றுப் பானைக் கழற்றினோம்.

வடியின் வலை பாதிக்கு மேல் தெரியவில்லை. கறுப்புச் சீனியைப் பாகில் போட்டு அப்பியது போல இருந்தது. நகத்தால் சுரண்டினால் துகள் துகளாக விழுகிறது, விரலில் உரசினால் மண் மாதிரி நறநறக்கிறது. பானின் அடியில் இன்னும் ஒரு கைப்பிடி. மெக்கானிக் ஒன்றும் பேசாமல் அதைக் கடுதாசியில் கொட்டி என் முன்னால் வைத்தார். வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

ஒரு கொன்ரொட் பேரிங்கைத் திறந்து பார்த்தோம். கோடு விழுந்திருக்கிறது, செம்பு தெரியவில்லை. கிரான்க் தப்பியிருக்கிறது என்கிறார். நாலு சோடி பேரிங்கும் புதிசு சொல்லியாயிற்று.

இனித்தான் கதை. ரொக்கர் கவரைத் திறந்தபோது மூன்றாவது இன்ஜெக்டரைச் சுற்றி மட்டும் தார். கழற்றி எடுத்தால் வோஷர் வந்தது. ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார், கம்பியை வளைத்து உள்ளே விட்டார், இன்னொரு வோஷர் வந்தது! பழையது தலையில் ஒட்டியபடி இருக்க, அதைப் பார்க்காமல் அதன் மேலேயே புதிசைப் போட்டிருக்கிறார்கள். மற்ற மூன்றிலும் ஒவ்வொன்றுதான்.

கேள்வி: அந்தத் தட்டுச் சத்தமும் இதனால்தானா? அப்படியென்றால் இன்ஜெக்டர் வாங்கவே தேவையில்லையா?

பழைய ஸ்பனர்:

தட்டும் இதனாலாக இருக்கலாம் தம்பி. ஒரு வோஷர் கூடினால் இன்ஜெக்டரின் மூக்கு அந்த அளவுக்கு மேலே தூக்கி நிற்கும். பிஸ்டன் தலையில் இருக்கும் குழிக்குள் விழ வேண்டிய டீசல் வேறு இடத்தில் விழும். புகையும் தட்டும் வராமல் என்ன செய்யும்? ஆனால் இன்ஜெக்டர் நல்லது என்று நான் இங்கே இருந்து சத்தியம் பண்ண மாட்டேன். நாலையும் டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்த்து, எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

வோஷர் உட்காரும் இடத்தை மூன்றாம் சிலிண்டரில் கட்டர் போட்டுத் துப்புரவாக்கச் சொல்லுங்கள். வெட்டும்போது தூள் உள்ளே விழாமல் கட்டரில் கிறீஸ் பூச வேண்டும். எந்த இன்ஜெக்டர் எந்தச் சிலிண்டரில் இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும், இப்போதே பெயின்ரால் எண் போட்டு வையுங்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது? டாஷ்போர்டில் பெல்ட் மாற்றச் சொல்லும் டி-பெல்ட் லைட் எரியவில்லை என்று சொல்ல வேண்டாம். மீற்றரைச் சுற்றிய ஆள் அதையும் அணைத்திருப்பான். ஆதாரம் இல்லையென்றால் இந்தக் கையோடு டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

வல்லைவெளி:

பூட்டி நாலு நாள் ஓடிவிட்டு எழுதுகிறேன். பெஞ்சில் நாலு இன்ஜெக்டரும் தேறின, மூன்றாவது மட்டும் கரைச்சலாக இருந்து ஒரு தடவை சுத்தம் செய்ததும் சரி. ஃபீட்பாக்கில் மூன்றாவது 0.8 காட்டுகிறது. கழற்ற முன் பார்க்கவில்லையே என்றுதான் கவலை. தட்டு இல்லை. காலைப் புகை ஓரிரு செக்கன் இருக்கிறது. ஒயில் லைட் சாவி திருப்பியதும் அணைகிறது. ஆயிரம் கிலோமீற்றரில் ஒயிலை மாற்றி, மூன்றாயிரத்தில் பானைத் திரும்பத் திறந்து பார்க்கச் சொன்னார் மெக்கானிக்.

பெல்ட்டுக்கு ஆதாரம் இல்லை. மாற்றியாயிற்று. கழற்றியதில் பல்லின் அடியில் மயிர்க் கோடு மாதிரி வெடிப்பு.

அந்த இரண்டு வோஷரையும் பழைய கராஜுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், பெடியன்கள் செய்த வேலை என்றார், ஒரு சோடா உடைத்துத் தந்தார். காசைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை.