ஏழு மாதமாக ஒரே வரி: 'பரிசீலனையில் உள்ளது'

பெரிய நிறுவனங்களுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

எனக்குக் கணக்குத் தணிக்கையில் ஒன்பது வருட அனுபவம். அவர்கள் கேட்டது ஐந்து வருடம். விளம்பரத்தில் இருந்த தகுதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், எல்லாமே பொருந்தின. ரெஸ்யூமைப் பதிவேற்றியதும் தளமே அதைப் படித்துக் கட்டங்களை நிரப்பிக்கொண்டது. ஆனால் படித்த கல்லூரி வேலை பார்த்த நிறுவனமாகவும், நான் வகித்த பதவி என் பெயரின் பின்பாதியாகவும் வந்திருந்தன. எல்லாவற்றையும் அழித்து மறுபடி தட்டச்சு செய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: 'வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி உண்டா?' ஆம், இல்லை என்று இரண்டே பொத்தான்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது வேலையை விட்டுவிட்டு எட்டு மாதம் கூடவே இருந்தேன். அதைச் சொல்ல அங்கே இடம் இல்லை. 'ஆம்' என்று அழுத்தினேன்.

பதினோரு நிமிடத்தில் மின்னஞ்சல் வந்துவிட்டது. அப்போது இரவு மணி 11.40. 'உங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம்' என்று எழுதியிருந்தது. அந்த நேரத்தில் யாரும் உட்கார்ந்து படித்திருக்க மாட்டார்கள். வேலை கிடைக்காதது கூடப் பரவாயில்லை, 'கவனமாக' என்ற அந்த ஒரு சொல்தான் மனதை அறுத்தது.

அப்புறம்தான் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்சரும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஏறக்குறைய பாதி நிறுவனங்கள் இந்த ஆறு மாத இடைவெளியைக் காரணமாக வைத்தே ஆட்களை வடிகட்டுகின்றன. குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு அச்சு அசலாகப் பொருந்தவில்லை என்பதால் தகுதியானவர்களும் கழிந்துபோகிறார்கள் என்று வேலை கொடுப்பவர்களில் 88 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்தே தொடர்கிறது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

* * *

நண்பரே, உங்களுக்குப் பதினோரு நிமிடம். எனக்கு ஏழு மாதம்.

மொத்தம் ஆறு ரவுண்டு நேர்காணல். முதல் ரவுண்டில் கேட்டதையே நான்காவதில் வேறொருவர் கேட்டார். முன்னால் பேசியவர்களின் குறிப்பை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நடுவில் வீட்டில் செய்து அனுப்பச் சொல்லி ஒரு வேலை. நான்கு மணி நேரத்தில் முடியும் என்றார்கள், எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கடைசி ரவுண்டில் மேலாளர், 'எப்போது வந்து சேர முடியும்?' என்று கேட்டார். அந்தக் கேள்வியை நம்பி, கையில் இருந்த இன்னொரு ஆஃபரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு பேச்சே இல்லை. மூன்று முறை எழுதினேன், பதில் வரவில்லை. தளத்தில் மட்டும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற வரி அப்படியே நின்றது. ஐந்தாவது மாதம் அதே பதவிக்குப் புது விளம்பரம் வந்தது. என் வரி மாறவில்லை.

இத்தனை ரவுண்டு தேவையே இல்லை என்பதை ஒரு பெரிய நிறுவனமே கண்டுபிடித்திருக்கிறது. கூகுள் தன் பழைய நேர்காணல் பதிவுகளை அலசிப் பார்த்ததில், நான்கு நேர்காணல்களிலேயே 86 விழுக்காடு உறுதியோடு முடிவெடுக்க முடிகிறது, அதற்கு மேல் நடத்துவதால் பெரிதாக எதுவும் கூடுவதில்லை என்று தெரிந்தது. ஆறு ரவுண்டுக்கும் சேர்த்து நான் எடுத்த விடுப்பு ஒன்பது நாள்.

* * *

நான் இதில் அந்தப் பக்கம் இருந்தவள். ஒரு பெரிய நிறுவனத்தில் ஆறு வருடம் ஆட்களைத் தேர்வு செய்யும் பிரிவில் இருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன்.

முதலில், 'மெஷின் தள்ளிவிட்டது' என்று எல்லோரும் சொல்கிறோம். தம்பிக்கு நடந்ததில் பெரிய அறிவு எதுவும் வேலை செய்திருக்காது. அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று வந்தால் நிராகரி என்று யாரோ ஒரு மனிதர் முன்கூட்டியே அமைத்து வைத்திருப்பார். எங்களிடம் அப்படி ஒன்பது கேள்விகள் இருந்தன. அதில் இரண்டை யார், எதற்காகச் சேர்த்தார்கள் என்று கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. எடுக்கச் சொல்லி ஒரு வருடம் போராடினேன். ஒன்றைத்தான் எடுத்தார்கள்.

ரெஸ்யூம் சிதறியதற்குக் காரணம் பெரும்பாலும் வடிவம்தான். பக்கத்தை இடது, வலது என்று இரண்டு பத்தியாகப் பிரித்திருந்தாலும், அட்டவணைக்குள் எழுதியிருந்தாலும் மென்பொருள் குறுக்காகப் படித்துக் குழப்பிவிடும். பக்கத்தின் மேல் விளிம்பில் போடும் தொலைபேசி எண் சில மென்பொருள்களின் கண்ணில் படுவதே இல்லை. பக்கத்தைப் பிரிக்காமல் ஒரே பத்தியாக, வழக்கமான தலைப்புகளோடு எழுதுங்கள்.

பதில் வராததற்கு வருகிறேன். ஒரே நேரத்தில் முப்பது பதவிகள் என் கையில் இருந்தன. பாதி வழியில் 'இப்போதைக்கு ஆள் எடுக்க வேண்டாம்' என்று மேலிருந்து உத்தரவு வரும், ஆனால் விளம்பரத்தை எடுக்க மாட்டார்கள். நிதி ஒதுக்கீடு திரும்ப வந்தால் புதிதாகத் தொடங்க வேண்டாமே என்பதற்காக. சில சமயம் உள்ளே இருக்கும் ஒருவருக்கு என்று முடிவாகியிருக்கும், ஆனாலும் விதிப்படி வெளியே விளம்பரம் போயாக வேண்டும். அந்த விளம்பரங்களுக்கு வந்த விண்ணப்பங்களைத் திறக்கும்போது எனக்குக் கை கூசும். முகப்புக் கடிதத்தில் அவர்கள் எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் என்று தெரியும். காரணம் எதையும் எழுத்தில் கொடுக்காதீர்கள், வழக்கு வரும் என்று சட்டப் பிரிவு சொல்லிவிடும். காரணம் சொல்லக் கூடாது என்பது, பதிலே சொல்லக் கூடாது என்று ஆகிவிட்டது.

வேலையை விடுவதற்கு முந்தைய வாரம், நேர்காணல் வரை வந்து பதில் கிடைக்காமல் நின்றவர்களின் பட்டியலை எடுத்தேன். நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டு, 'இந்தப் பதவிக்கு வேறொருவரை எடுத்துவிட்டோம், தாமதத்துக்கு மன்னியுங்கள்' என்று எழுதினேன். பாதிப் பேருக்கு மேல் நன்றி சொல்லி எழுதினார்கள். இல்லை என்று சொன்னதற்கு நன்றி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், முடிவு எடுத்தாகிவிட்டதா என்பதைக் கடைசி நேர்காணலிலிருந்து 45 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2026 ஜனவரி 1 முதல் விதி இருக்கிறது. எல்லா இடத்திலும் வரவேண்டும்.

* * *

எனக்கு நேர்காணலில் எதிரே ஆளே இல்லை. கேள்வி திரையில் வரும், முப்பது விநாடி யோசிக்கலாம், இரண்டு நிமிடம் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். நாம் சொல்வது புரிகிறதா என்று பார்க்க எதிரே ஒரு முகம் இல்லாமல் பேசுவது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. இந்தத் துறையில் பெரிய நிறுவனமான ஹயர்வியூ, முகபாவத்தை மென்பொருளால் அளப்பதைக் கைவிட்டதாக 2021-இல் அறிவித்தது. என்னை அழைத்தவர்கள் எதை அளந்தார்கள், யார் பார்த்தார்கள் என்று சொல்லவே இல்லை.

* * *

அக்கா, ரொம்ப நன்றி. என் ரெஸ்யூம் இரண்டு பத்தியாகத்தான் இருந்தது, பதவி இடது பக்கப் பட்டையில். ஒரே பத்தியாக மாற்றி நேற்று வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். பெயர் பெயராகவே வந்தது. இங்கேயும் இடைவெளிக் கேள்வி இருந்தது, ஆனால் கீழே காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம் வைத்திருந்தார்கள். 'அம்மாவைப் பார்த்துக்கொண்டேன்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.