பழைய நிக்கான் டி700 பாடி: 1/2000-ல் படம் பாதி இருண்டு வருகிறது, வாங்கலாமா?

தாராசுரத்து வெயில்

வணக்கம். எங்கள் ஊரில் ஸ்டூடியோவை மூடிவிட்ட பெரியவர் ஒருவர் தம்முடைய நிக்கான் டி700 பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) விற்கிறார். இரண்டு பேட்டரி, சார்ஜர், ஒரு சிஎஃப் மெமரி கார்டு, எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் கேட்கிறார். "ஞாயிற்றுக்கிழமை வரை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்" என்று முன்பணம்கூட வாங்காமல் கொடுத்தனுப்பிவிட்டார். இன்று வியாழன். அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் சிற்பங்களை நான்கு ஆண்டுகளாகப் படம் எடுத்து வருகிறேன். தூண்களிலும் மண்டபத்தின் அடிப்பகுதியிலும் உள்ள கையகலச் சிற்பங்கள்மீதுதான் எனக்குப் பைத்தியம். உள்ளே வெளிச்சம் போதாது, டிரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும், ஆகவே கையில் பிடித்தே எடுக்கிறேன். இப்போதுள்ள சிறிய கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600-ஐத் தாண்டினால் உளி பட்ட இடமெல்லாம் மணலை அள்ளிக் கொட்டியதுபோல ஆகிவிடுகிறது. புதிய ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா வாங்க வசதியில்லை.

சிக்கல் இதுதான். நேற்று இரவு வீட்டுக் கூடத்தில், டியூப் லைட்டுக்குக் கீழே உள்ள வெள்ளைச் சுவரைப் பல ஷட்டர் வேகங்களில் எடுத்தேன். 1/60-ல் சுத்தமாக இருக்கிறது. 1/2000-ல் ஒரு படத்தில் மேல் பாதி இருண்டு வருகிறது. அடுத்ததில் கீழ்ப் பாதி. மூன்றாவது படம் முழுவதும் மங்கல். ஷட்டர் (சென்சாரை மூடித் திறக்கும் திரை) போய்விட்டதா?

இன்னும் இரண்டு விஷயங்கள். அப்பாவின் ஃபிலிம் கேமராவோடு இருந்த 50 மி.மீ. 1.8டி லென்ஸை மாட்டினால் சில நேரம் மேல்திரையில் 'எஃப்இஇ' என்று மின்னுகிறது, ஷட்டர் விழ மறுக்கிறது. 'கிளாக்' என்ற எழுத்தும் எப்போதும் மின்னிக்கொண்டே இருக்கிறது. பெரியவர் "முப்பதாயிரம் படத்துக்கு மேல் எடுத்திருக்க மாட்டேன்" என்கிறார். அதை எப்படிச் சரிபார்ப்பது?

முகூர்த்தப் படம்

பாதி இருண்டால் ஷட்டர் திரை சிக்குகிறது என்றுதான் அர்த்தம். மாற்றும் செலவு கேமராவின் விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இருட்டறை

அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் தம்பி. நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது: இருட்டு இடம் மாறுகிறது.

ஷட்டர் திரை தேய்ந்து தடுமாறினால் இருட்டு அநேகமாக ஒரே பக்கத்தில்தான் விழும். திரை எப்போதும் ஒரே திசையில் ஓடுகிறது, தளரும் இடமும் அதுவாகவே இருக்கும். உங்கள் படங்களில் ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. இது விளக்கின் வேலை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. சோக்கில் எரியும் டியூப் லைட்டும் விலை குறைந்த எல்இடி விளக்கும் அதனால் நொடிக்கு 100 முறை பிரகாசித்து மங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். இந்தக் கேமராவில் ஷட்டர் திரை படச் சட்டத்தைக் கடக்கும் நேரம் நொடியில் 250-ல் ஒரு பங்குக்கும் குறைவு. 1/2000 என்று வைத்தால் ஒரு மெல்லிய இடுக்குதான் சென்சாரின்மேல் நகர்ந்து போகிறது. இடுக்கு மேலே இருக்கும்போது விளக்கு மங்கிக் கீழே வரும்போது பிரகாசமானால் பாதிப் படம் இருளும். அடுத்த கிளிக் வேறொரு கணத்தில் விழுவதால் இருட்டு இடம் மாறும். 1/60-ல் சென்சார் முழுவதும் ஒரு சுழற்சிக்கும் மேலாகத் திறந்திருப்பதால் எல்லாம் கலந்து சமமாகிவிடுகிறது.

ஷட்டரைச் சோதிக்க வெயில்தான் வேண்டும். நாளை காலை 11 மணிக்கு மொட்டை மாடிக்குப் போங்கள். வெயில் நேராக விழும் சுண்ணாம்புச் சுவர் போதும். லென்ஸின் துளையை (அப்பர்ச்சரை) எஃப்/8-ல் நிறுத்திவிடுங்கள். விரியத் திறந்தால் லென்ஸே ஓரங்களை இருட்டாக்கி உங்களைக் குழப்பும். 1/1000-க்கு ஐஎஸ்ஓ 250, 1/2000-க்கு 500, 1/4000-க்கு 1000, 1/8000-க்கு 2000. வேகத்துக்குப் பத்துப் படம், கொஞ்சம் இடைவெளி விட்டு. முதல் கிளிக்கை மட்டும் தனியாகக் கவனியுங்கள். நாள்கணக்கில் ஓடாமல் கிடந்த ஷட்டர் முதல் அடியில்தான் பொய் சொல்லும்.

எஃப்இஇ பழுதே இல்லை. அந்த லென்ஸில் துளை வளையம் இருக்கிறது. அதை 22 என்ற ஆரஞ்சு எண்ணுக்குத் திருப்பி, பக்கத்தில் உள்ள சிறிய பூட்டைத் தள்ளிவிடுங்கள். வளையம் நகர்ந்துவிட்டால் கேமரா துளையைக் கையாள முடியாமல் அப்படி எச்சரிக்கும்.

பழைய ஸ்டூடியோ

'கிளாக்' பற்றி நான் சொல்கிறேன். உள்ளே கடிகாரத்துக்கென்று தனியாக ஒரு சிறிய மின்கலம் உண்டு, அது பெரிய பேட்டரியிலிருந்துதான் நிரம்பும். கேமரா பல மாதம் பேட்டரி இல்லாமல் பீரோவில் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். நன்றாக ஏற்றிய பேட்டரியைப் போட்டு இரண்டு நாள் விட்டு, தேதியையும் நேரத்தையும் அமையுங்கள். அதன் பிறகும் மின்னினால் மட்டும் கவலைப்படுங்கள்.

படங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு கோப்பின் உள்ளேயும் எழுதப்பட்டிருக்கும். ஒரு படம் எடுத்து, கணினியில் எக்ஸிஃப்டூல் போன்ற இலவச நிரலில் திறந்தால் ஷட்டர் எண்ணிக்கை என்ற வரி வரும். படம் எந்தத் திருத்தமும் செய்யாத மூலக் கோப்பாக இருக்கவேண்டும், வாட்ஸ்அப்பில் வந்தது உதவாது.

தாராசுரத்து வெயில்

லென்ஸ் வளையத்தை 22-ல் பூட்டினேன். எஃப்இஇ போய்விட்டது. இருட்டறை ஐயாவுக்கு மிக்க நன்றி.

ஆனால் எண்ணிக்கையைப் பார்த்ததும் நெஞ்சு இடித்துவிட்டது. 1,38,412. முப்பதாயிரம் எங்கே, இது எங்கே! அந்தப் பெரியவர் பொய் சொல்லக்கூடியவர் இல்லை. என் அக்கா திருமணத்துக்கு அவர்தான் படம் எடுத்தார். அவரிடம் போய் இதை எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. இந்த ஷட்டர் 1,50,000 வரைதான் என்று படித்தேன். இன்னும் பதினோராயிரத்துச் சொச்சம் படம்தான் மிச்சமா?

பழைய ஸ்டூடியோ

அவரைச் சந்தேகிக்காதீர்கள், மனம் வருந்துவார். கோப்பின் எண் 9,999-ஐத் தொட்டதும் மறுபடி 0001-லிருந்து தொடங்கும். எத்தனை முறை சுற்றியது என்று எந்த ஸ்டூடியோக்காரர் குறித்து வைத்தார்? நானும் இப்படித்தான் என் பாடி ஐம்பதாயிரம் ஓடியிருக்கும் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். சோதித்தபோது இரண்டு லட்சத்தை நெருங்கியிருந்தது. அன்றும் ஓடியது, இன்றும் ஓடுகிறது.

1,50,000 என்பது தயாரிப்பாளர் சோதித்துச் சொன்ன அளவு. மருந்துப் பாட்டிலில் இருக்கும் காலாவதித் தேதி போன்றதல்ல. அதற்கு முன்பே நின்றவையும் உண்டு, இரண்டு மடங்கு ஓடியவையும் உண்டு. ஆனால் விலை பேசும்போது அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. 30,000 ஓடிய பாடிக்கான விலையை 1,38,000 ஓடியதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. கணினியை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னாலேயே திறந்து காட்டுங்கள். அவரே குறைத்துக்கொள்வார்.

முகூர்த்தப் படம்

இருட்டறை அண்ணன் சொன்ன விளக்கு விஷயம் எனக்குத் தோன்றவில்லை, திருத்தத்துக்கு நன்றி. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. டி700-ல் ஒரே ஒரு கார்டு துளைதான். நான் ஒரு திருமணத்தில் தாலி கட்டும் நேரம் முழுவதையும் இழந்தவன். மாலையில் கணினியில் போட்டபோது கார்டு திறக்கவே இல்லை. மீட்டெடுத்ததில் பாதிப் படங்கள் சாம்பல் நிறப் பட்டையாக வந்தன. பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டு போனார். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை. இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் எழுதும் பாடியாகப் பாருங்கள். 2012-ல் வந்த டி800-ல் சிஎஃப் ஒன்று, எஸ்டி ஒன்று. 2014-ல் வந்த டி750-ல் இரண்டு எஸ்டி. டி700-ல் வீடியோவும் கிடையாது, இன்று வீடியோ இல்லாமல் எந்த வீட்டில் முன்பணம் தருகிறார்கள்?

இருட்டறை

திருமண வேலைக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இவர் கேட்பது அசையாத கல்லுக்கு. கார்டு போனால் அடுத்த வாரம் மறுபடி போய் எடுக்கலாம், சிற்பம் எண்ணூறு வருடமாக அங்கேயே இருக்கிறது. குறைந்த வெளிச்சத்தில் இந்தச் சென்சார் இன்றும் நன்றாக நிற்கிறது. 2007-ல் வந்த டி3-இல் இருந்த அதே 12 மெகாபிக்சல் வகையை 2008-ல் இந்தச் சிறிய பாடிக்குள் கொண்டுவந்தார்கள். ஐஎஸ்ஓ 3200-ல் வரும் குருணை எனக்குப் பிடிக்கும், ஃபிலிமின் சாயல் இருக்கும். பாடிக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் அப்பாவின் லென்ஸும் தானாக ஃபோகஸ் ஆகும். சிறிய மலிவு பாடிகள் பலவற்றில் அது நடக்காது.

தம்பி, வெயில் சோதனையோடு இன்னும் மூன்றைப் பாருங்கள். கார்டு துளைக்குள் டார்ச் அடியுங்கள். இரண்டு வரிசையாக 50 ஊசிகள் நிற்கும், ஒன்றுகூட வளைந்திருக்கக்கூடாது. கார்டைக் கோணலாக அழுத்தினால் ஊசி மடங்கிவிடும், பழைய சிஎஃப் கேமராக்களுக்கு எமன் அதுதான். அடுத்து, லென்ஸ் துளையை எஃப்/16-ல் வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு வெறும் வானத்தை எடுத்து, படத்தை முழு அளவில் மூலைக்கு மூலை நகர்த்திப் பாருங்கள். சாம்பல் புள்ளிகள் தூசு. கை ஊதுபந்தால் போய்விட்டால் கவலையில்லை. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் கறையாகும். கடைசியாக, அமைப்பு மெனுவில் பேட்டரி தகவல் என்று இருக்கும். அதில் ஆயுள் 0-விலிருந்து 4 வரை காட்டும். 0 புதிது, 4 என்றால் மாற்றவேண்டிய கட்டம்.

தாராசுரத்து வெயில்

சனிக்கிழமை மதியம். மொட்டை மாடியிலிருந்து இறங்கியதும் எழுதுகிறேன்.

1/1000-லிருந்து 1/8000 வரை நாற்பது படங்கள். நாற்பதும் ஒரே சீராக இருக்கின்றன. முதல் கிளிக்கும் சேர்த்து! இரவில் பாதி இருண்டு வந்த அதே 1/2000, வெயிலில் ஓரத்துக்கு ஓரம் வெள்ளையாக வந்தது. சந்தேகம் தீராமல் திரும்பக் கூடத்துக்கு வந்து டியூப் லைட்டில் எடுத்தேன், இருட்டு மறுபடி வந்து இடம் மாறி நின்றது. அப்போதுதான் மூச்சு வந்தது.

ஊசிகள் ஐம்பதும் நேராக இருக்கின்றன, இரண்டு முறை எண்ணினேன். வானத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன, ஊதுபந்தில் இரண்டு போயின. இடது மூலையில் ஒன்று அசையவில்லை. பேட்டரி ஒன்றில் 3, மற்றொன்றில் 4. பின்பக்கம் கட்டைவிரல் படும் ரப்பர் வியர்வையில் ஊறித் தளர்ந்து, ஓரம் நகக்கண் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருக்கிறது. கிளாக் மின்னுவது இன்று காலையோடு நின்றுவிட்டது.

இருட்டறை

ஷட்டர் இன்றைக்கு நலம். அந்த ஒற்றைப் புள்ளியைத் தொடாதீர்கள், சென்சாரை ஈரத்துடைப்பு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ரப்பருக்குப் பசைநாடா போதும், சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், ரப்பர் விறைத்துவிடும். ஒரு பேட்டரிக்கான பணத்தையும் ஷட்டர் எண்ணிக்கையையும் மனதில் வைத்து விலை பேசுங்கள். 20,000-க்குக் கீழே வந்தால் வாங்குங்கள்.

முகூர்த்தப் படம்

நானும் வாங்குங்கள் என்றே சொல்கிறேன். திருமணத்துக்கு மட்டும் இதைத் தனியாக எடுத்துப் போகமாட்டேன் என்று எனக்காக ஒரு வார்த்தை கொடுங்கள்.

தாராசுரத்து வெயில்

வார்த்தை கொடுத்தேன், அண்ணா.

பெரியவரிடம் கணினியைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்தார். "இத்தனை பேரையா எடுத்திருக்கிறேன்?" என்று கேட்டுவிட்டு, அவராகவே 18,500 என்றார். நான் பேரம் பேசவே இல்லை. கார்டில் பழைய படம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தோம். யாரோ ஒரு குழந்தைக்குக் காது குத்தும் படங்கள் ஏழு இருந்தன. அவற்றை மட்டும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்று காலை தாராசுரம் போனேன். ரிஷபகுஞ்சரம், ஐஎஸ்ஓ 3200, 1/60, எஃப்/4. காளைக்கும் யானைக்கும் பொதுவான அந்தக் கண்ணைச் சுற்றி உளி விட்ட வரிகளை இப்போதுதான் முதன்முதலாகத் திரையில் எண்ண முடிகிறது.

முதல் பிரிண்டைத் தமக்குத் தரவேண்டும் என்று பெரியவர் கேட்டிருக்கிறார். 12-க்கு 18 அங்குலம் போடலாமா, 12 மெகாபிக்சல் தாங்குமா?

பழைய ஸ்டூடியோ

தாங்கும். 4256-க்கு 2832 புள்ளி இருக்கிறது, அந்த அளவுக்கு அங்குலத்துக்கு 236 வரும். சுவரில் மாட்டிப் பார்க்க அது தாராளம். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாளில் போடச் சொல்லுங்கள், கல் கல்லாகத் தெரியும்.